பிங்க் லேடீஸைப் பூட்டி வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரமவுண்ட் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

‘கிரீஸ்: ரைஸ் ஆஃப் தி பிங்க் லேடீஸ்’ என்ற இசைத்தொடருக்கு இரண்டாம் சீசன் இல்லை என்பதையும், வெளிவந்திருந்த முதல் சீசனே உங்கள் ஸ்ட்ரீமிங் தளமான பாரமவுண்ட் பிளஸிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் 2023 ஜூன் 23 அன்று உங்கள் நிறுவனம் ஒரே மூச்சில் அறிவித்தது. தொடரின் பத்தாவது, கடைசிப் பகுதி வெளியானது அதே மாதம் 1ஆம் தேதி. பிங்க் லேடீஸ் என்பது, ‘கிரீஸ்’ என்ற இசைநாடகத்திலும் அதன் 1978ஆம் ஆண்டுப் படத்திலும் பிங்க் ஜாக்கெட் அணிந்து வரும் பள்ளிப் பெண்களின் குழு. இந்தத் தொடர் அந்தக் குழுவின் முன்கதை. அந்த முடிவை எடுத்தவர்களில் சிலர் இன்று உங்களுடன் இல்லாமல் இருக்கலாம். 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்துடன் இணைந்த பிறகு உங்களில் பலர் பொறுப்புக்குப் புதியவர்கள். ஆனால் வீட்டை வாங்குகிறவர் அதன் மேலுள்ள பாக்கியையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதால் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்காக நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. பல மொழிகளில் சப்டைட்டில் போட ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு மடலைப் படித்துக்கொள்வது சிரமமான காரியம் அல்ல.

நான் வசிப்பது கனடாவின் வான்கூவருக்குப் பக்கத்தில். உங்கள் தொடர் படமாக்கப்பட்ட வட்டாரம் இது. திரைத்துறைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் கிரீஸ் நாடகம் போட்டபோது, தையல் தெரிந்த தாய் என்பதால் பிங்க் ஜாக்கெட்டுகள் என் தலையில் விழுந்தன. எட்டு ஜாக்கெட்டுகள். சாட்டின் துணியோடு பழகியவர்களுக்கு அதன் குணம் தெரியும்: வெட்டிய ஓரம் கையில் எடுக்கும்போதே பிரியும், குண்டூசி குத்திய தடம் கடைசி வரை மறையாது, ஆகவே தையலுக்குள் மறைந்துபோகும் அரை விரல் அகலத்துக்குள்தான் ஊசி குத்த வேண்டும். அளவெடுக்க வரிசையாக வந்து நின்ற பிள்ளைகளில் பஞ்சாபிப் பெண்கள் இருந்தார்கள், பிலிப்பினோப் பெண்கள் இருந்தார்கள், என் மகள் இருந்தாள். அவர்களில் ஒருத்தி, தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, “ஆன்ட்டி, உண்மையில் அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் அப்படி ஒரு ஸ்கூலில் படித்திருப்பார்களா?” என்று கேட்டாள். 1978ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு எழும் இயல்பான கேள்விதான் அது. அந்தப் படத்தில் பிங்க் லேடீஸ் அத்தனை பேரும் வெள்ளையர்கள்.

அந்தக் கேள்விக்கு உங்கள் தொடர் பதில் வைத்திருந்தது என்பதே இந்த மடலின் பொருள்.

முன்கதை என்று எடுக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, ரசிகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெயருக்கோ பொருளுக்கோ பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடும். இன்னாருடைய தொப்பி எங்கிருந்து வந்தது, இன்னாருக்கு அந்தத் தழும்பு எப்படி ஏற்பட்டது என்பதற்கு மேல் அவற்றுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அன்னபெல் ஓக்ஸ் உருவாக்கிய இந்தத் தொடரிலும் அந்தச் சபலம் இல்லாமலில்லை. பின்னாளில், படத்தில் பிங்க் லேடீஸில் ஒருத்தியாக வரும் ஃப்ரெஞ்சி ஆகப்போகிற சிறுமி கதாநாயகியின் தங்கையாக வந்து போகிறாள். ஆனால் தொடரின் உண்மையான வேலை வேறு. படத்தின் கதைக்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1954க்குப் போய், கதை நடக்கும் ரைடெல் உயர்நிலைப் பள்ளியின் அதே நடைபாதைகளில், படத்தின் கண்ணில் படாமல் போனவர்களை அது தேடிப் பிடித்தது. இத்தாலியக் குடும்பப் பெயருக்குப் பின்னால் தாயின் புவேர்ட்டோ ரிக்கோ வேரை வைத்திருக்கும் ஜேன், தன்னைப் பற்றிய ஊர்ப்பேச்சைச் சுமந்து நடக்கும் மெக்சிகோ அமெரிக்கப் பெண் ஒலிவியா, ஆண்பிள்ளைகளின் கூட்டத்தில் சேர முட்டிமோதும் சிந்தியா, துணியும் கத்தரிக்கோலுமாகத் தன் உலகத்தைத் தானே வெட்டித் தைத்துக்கொள்ளும் ஜப்பானிய அமெரிக்கப் பெண் நான்சி நகாகவா ஆகிய நால்வரைச் சுற்றிக் கதை போகிறது. (தையல்காரியாக எனக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.)

1954 என்ற ஆண்டும் அலங்காரத்துக்காகத் தேர்ந்தெடுத்தது போல் தோன்றவில்லை. அந்த மே மாதம் 17ஆம் தேதிதான் பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், 1947இல் கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்தபோது, மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் தொடுத்து வென்ற மெண்டெஸ் வழக்கையொட்டி, அந்த மாநிலச் சட்டத்தில் எஞ்சியிருந்த பள்ளிப் பிரிவினையை நீக்கிக் கையெழுத்திட்டவர். ஆக, ஒலிவியாவின் வயதுப் பெண் ஒருத்தி கலிபோர்னியாவில் வளர்ந்திருந்தால், அவளுடைய தொடக்கப் பள்ளிக் காலத்திலேயே இந்தச் சட்டம் மாறியிருக்கும். நான்சியின் கணக்கு இன்னும் கனமானது. 1954இல் பதினாறு வயது என்றால், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலி முகாம்களுக்கு அனுப்பிய 1942இல் அவளுக்கு நான்கு வயது. தொடர் எடுக்கப்பட்ட வான்கூவரிலும் அதே ஆண்டில் ஜப்பானியக் கனடியக் குடும்பங்களை ஹேஸ்டிங்ஸ் பூங்காவின் கால்நடைக் கொட்டகைகளில் அடைத்து வைத்தார்கள். நான்சி திரையில் பாடி ஆடும்போது இதையெல்லாம் நினைக்காமல் சிரித்துக்கொண்டே பார்த்துவிடலாம், நினைத்தும் பார்க்கலாம். ஜாக்கெட் அளவு கொடுத்த அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இந்த ஆண்டுகளும் கணக்குகளும்தான்: படித்திருப்பார்கள், படித்தார்கள், கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தொடர் குறையில்லாதது என்று வாதாட நான் வரவில்லை. ஜஸ்டின் டிராண்டரின் பொறுப்பில் உருவான சுமார் முப்பது புதிய பாடல்களில் சில, 1954இன் ரேடியோவில் அல்ல, 2023இன் கைப்பேசியில் பிறந்தவை என்று முதல் தாளத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பத்துப் பகுதிகளுக்குள் இத்தனை பேரின் கதையை அடைத்ததில் சிலருடைய கதை பாதியில் நிற்கிறது. ஆனால் ஜமால் சிம்ஸ் அமைத்த நடனங்களில், பள்ளி நடைபாதையின் லாக்கர்களும் சாப்பாட்டு மேசைகளும் கூட்டத்தோடு சேர்ந்து ஆடுவது போன்ற ஓட்டம் உண்டு. ஒவ்வொரு வாரமும் முழுநீள நடனக் காட்சிகளோடு ஒரு தொடரைக் கொண்டுவருவது எவ்வளவு பேரின் கைவேலை என்பது, எட்டு ஜாக்கெட்டுக்கே விழி பிதுங்கிய எனக்கு ஓரளவு விளங்குகிறது.

பார்ப்பவர் எண்ணிக்கை போதவில்லை என்றால் தொடரை நிறுத்துவது உங்கள் உரிமை. கடை போட்டவர் கடையை மூடலாம். நான் பேசுவது நிறுத்தியதைப் பற்றி அல்ல, எடுத்ததைப் பற்றி. இரண்டும் ஒரே அறிவிப்பில் வந்ததால் இரண்டும் ஒரே காரியம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியல்ல. முடித்து, வெளியிட்டு, சம்பளமும் கொடுத்துவிட்ட பத்துப் பகுதிகள் தளத்தில் ஓரமாகக் கிடப்பதால் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு, பதில் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. தயாரிப்புச் செலவை நிறுவனங்கள் ஒரே நாளில் எழுதித் தீர்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுகின்றன. படைப்பைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சிய மதிப்பை ஒரேயடியாக நட்டமாக எழுதிவிடலாம். அதோடு, ஒரு தொடர் தளத்தில் இருக்கும் வரை அதை எழுதியவர்களுக்கும் இயக்கியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் சங்க ஒப்பந்தப்படி போய்க்கொண்டிருக்கும் மறுஒளிபரப்புத் தொகையும் நின்றுவிடும். 2023இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் உங்கள் நிறுவனம் இவ்வாறு நிகழ்ச்சிகளின் பேரில் எழுதிய தொகை 230 கோடி டாலருக்கும் மேல். அந்த மலையில் இந்தத் தொடர் ஒரு கூழாங்கல்லாக இருந்திருக்கும்.

அறிவிப்பு வந்த தேதியையும் கவனியுங்கள். திரைக்கதை எழுத்தாளர்கள் மே 2 முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து தங்களுக்கு வரும் மறுஒளிபரப்புத் தொகை போதாது என்பது அவர்களுடைய முதன்மையான குறைகளுள் ஒன்று. அவர்கள் உங்கள் ஸ்டூடியோ வாசலில் பதாகையோடு நின்றுகொண்டிருந்த நாட்களில் உள்ளே, தளத்திலிருந்து எடுக்க வேண்டிய தொடர்களின் பட்டியல் தயாரானது. டிஸ்னி பிளஸ் ஒரு மாதம் முன்பும், எச்பிஓ மேக்ஸ் ஓராண்டு முன்பும் இதையே செய்திருந்தன என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் அது உண்மை. அடுத்த சில வாரங்களில் தொடரை விலைக்கு வாங்கிப் பார்க்கும் வழியை நீங்களே திறந்துவிட்டதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் சந்தா கட்டியவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டுத் தனிவிலை வைப்பதும், அதைப் பாதுகாப்பதும் வேறு வேறு. விற்பனைப் பட்டியலிலிருந்து ஒரு பொருளை எடுக்க ஒரு சொடுக்குப் போதும்.

இந்த இடத்தில் உங்கள் நிறுவனத்தின் குடும்பக் கதை ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் தொடர் நடக்கும் 1954இல் அமெரிக்க வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி வலையமைப்புகளில் டூமாண்ட் ஒன்று. 1946 முதல் 1956 வரை இயங்கியது. அதில் பாரமவுண்ட் பிக்சர்ஸ் பங்கு வைத்திருந்தது. அதன் நிகழ்ச்சிகளில் மிகப் பெரும்பகுதி இன்று உலகில் எங்கும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், எஞ்சியிருந்த படச்சுருள்களை யார் பாதுகாப்பது, யார் செலவை ஏற்பது என்ற பேச்சுவார்த்தையின்போது, அவற்றை லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் நியூயார்க் விரிகுடாவில் கொட்டிவிட்டார்கள் என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் சாட்சியம் சொன்னார். சுருள்களை வைத்திருக்க இடம் வேண்டும், வெப்பத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், வாடகை தர வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கரைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ள முடிகிறது. பத்துப் பகுதிகளின் கோப்புகளை வைத்திருக்க இன்று உங்களுக்கு ஆகும் செலவு உங்கள் அலுவலகத்தின் காபிச் செலவுக்கு ஈடாகுமா?

இதற்கு நேர்மாறான கதையும் கிரீஸின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1971இல் சிகாகோவில், பழைய டிராம் கொட்டகை ஒன்றில் இயங்கிய சிறிய அரங்கில் அது முதலில் மேடையேறியபோது, பேச்சிலும் கதையிலும் அந்த ஊரின் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளின் வாடை தூக்கலாக இருந்தது. நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போகும்போது அது குறைக்கப்பட்டது. படமானபோது வெயிலடிக்கும் கலிபோர்னியாவுக்கு இடம் மாறியது. பள்ளிகளுக்கான பிரதியில் சிகரெட்டும் மதுவும்கூட எடுக்கப்பட்டன. (எங்கள் பள்ளி மேடையில் பிள்ளைகள் சூயிங்கம் மென்றார்கள்.) ஆனால் முதல் பிரதியின் தாள்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால், நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல், சிகாகோவின் நாடகக் குழு ஒன்று அந்தப் பழைய வடிவத்தை மீண்டும் மேடையேற்ற முடிந்தது. 1971இல் அந்தத் தாள்களுக்கு என்ன சந்தை மதிப்பு இருந்திருக்கும் என்று உங்கள் கணக்குத் துறையிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நான் கேட்பது இரண்டாம் சீசன் அல்ல. ஒரு படைப்பைத் தளத்திலிருந்து எடுக்க முடிவு செய்தால், அதை உருவாக்கியவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதங்கள் முன்னதாக எழுத்தில் தெரிவியுங்கள். வேறு இடம் தேட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். இதே அறிவிப்பில் எடுக்கப்பட்ட ‘ஸ்டார் டிரெக்: புராடிஜி’யை நெட்ஃபிளிக்ஸ் வாங்கிக்கொண்டு, 2024இல் அதன் இரண்டாம் சீசனையும் வெளியிட்டது என்பதால், இது நடக்காத காரியம் அல்ல என்று உங்களுக்கே தெரியும். எடுக்கும் ஒவ்வொரு தொடரின் முழுத் தரப் பிரதி ஒன்றையும் நாடாளுமன்ற நூலகத்திலோ, லாஸ் ஏஞ்சல்ஸில் உங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் யுசிஎல்ஏ திரைப்பட, தொலைக்காட்சிக் காப்பகத்திலோ ஒப்படைத்து, ஆய்வாளரும் மாணவரும் அங்கே சென்று பார்க்க உரிமை கொடுங்கள். பிங்க் லேடீஸ் தொடரிலிருந்து அதைத் தொடங்குங்கள். விற்பனை ஒருநாள் நின்றாலும் இந்த உரிமை நிற்காது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நட்டமாக எழுதிய தொகையில் இதனால் ஒரு காசும் குறையாத வழியைக் கண்டுபிடிக்க உங்கள் வரி ஆலோசகர்களுக்குத் திறமை இல்லை என்று நான் நம்பவில்லை.

எட்டு ஜாக்கெட்டுகளும் பள்ளியின் உடையறையில் உறை போட்டுத் தொங்குகின்றன. அடுத்து கிரீஸ் போடும்போது தோளையும் கையையும் பிரித்துத் தைக்க உள்ளே ஒரு விரல் துணி விட்டிருக்கிறேன். இவற்றைச் செய்ய நீங்கள் ஒரு நாளைக் குறிப்பிட்டுப் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மொழியில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
எட்டு பிங்க் ஜாக்கெட்டுகள் தைத்த ஒரு தாய்