கடல் தெரியிற வீடு வேண்டாம், மச்சான்

திருகோணமலை,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை.

அன்பின் மச்சான்,

திருகோணமலைக்கு இடமாற்றக் கடிதம் கைக்கு வந்துவிட்டது, வீடு பார் என்று நீ அனுப்பின குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் கேட்டது சிரிப்பதற்கு. "கடல் தெரியிற மாதிரி ஒரு பிளாட், ரெண்டு அறை, பல்கனி, உப்புவெளிப் பக்கமெண்டால் இன்னும் நல்லம்." கொழும்பில் வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் பத்து வருசம் இருந்தவன் வேறெதைக் கேட்பான்! இங்கே கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிறது, குரலில் பதில் சொன்னால் உனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும். அதனால் பழையபடி எழுதுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தை விட்ட பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் நீளமான கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் பிளாட் என்ற சொல்லை மற. லிப்டும் காவலாளியும் வைத்த மாடிக் குடியிருப்பை இங்கே தேடிக்கொண்டிருந்தால் உனக்கு ஓய்வூதிய வயது வந்துவிடும். இங்கே பிளாட் என்றால் ஒருவருடைய வீட்டின் மேல்மாடி, இல்லாவிட்டால் பக்கத்தில் ஒட்டிக் கட்டின அனெக்ஸ். கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள், நடுவில் ஒரு படி. அந்தப் படி வெளிப்பக்கத்தால் ஏறுகிறதா, வீட்டுக்காரரின் விறாந்தைக்குள்ளால் ஏறுகிறதா என்று முதலில் பார். பேராதனையில் படிக்கும்போது ஹிந்தகலையில் நாங்கள் இருந்த அறை நினைவிருக்கா? பத்து மணிக்குப் பிறகு வந்தால் அந்த வீட்டுக்கார அம்மா செருப்புச் சத்தத்திலேயே எங்களை எண்ணிவிடுவா. நாற்பது வயதுக்கு மேல் அந்த வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டுமா?

உப்புவெளிக் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நான் எட்டு மாதம் இருந்தேன். போர்க் கல்லறைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை, கடலுக்கு ஐந்து நிமிச நடை. வாடகையும் குறைவு. புரட்டாதியில் போய்க் கேட்டபோது வீட்டுக்காரர் பேரம்கூடப் பேசவில்லை. ஏன் இவ்வளவு தாராளம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. காலையில் ஏழு மணிக்குச் சந்தியில் நின்றால் புல்மோட்டையிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் நகரத்துக்கு வருகிற பஸ்கள் கதவு வரைக்கும் நிரம்பித்தான் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோர் ஆட்கள், மீன் கூடையோடு ஒருவர். கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடமிருக்கு" என்பார். அந்த உள்ளை நான் ஒருநாளும் கண்டதில்லை. அதே நேரம் எதிர்ப்பக்கமாகக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிற மாணவர்கள், அவர்களுடைய பஸ்ஸிலும் தொங்கல்தான். கடலோ அங்கேயேதான் இருந்தது. நான் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும், அலைச் சத்தம் மட்டும் கேட்கும். கடலுக்குக் கொடுத்த வாடகையில் எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

கிணற்றுத் தண்ணி உவர். சோப்பு நுரைக்காது, தேத்தண்ணி கறுக்கும். வேடிக்கை என்னவென்றால் உவர்மலை என்று பெயர் வைத்திருக்கிற இடம் வேறு. ஆங்கிலத்தில் அதை ஓர்ஸ் ஹில் என்று எழுதுவார்கள்.

பங்குனி பிறந்ததும் வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "தம்பி, சித்திரையில சீசன் தொடங்குது, வெள்ளைக்காரர் வருவினம், குறை நினைக்காதேங்கோ." வடக்கிலும் கிழக்கிலும் கடல் அடங்குகிற காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும். புறாமலைத் தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்கள் வருகிற காலமும் அதுதான். ஒரு மாதம் நான் கொடுப்பதை அவர் நாலைந்து இரவில் எடுத்துவிடுவார். என் கையில் இருந்தது இரண்டு பேரும் கையெழுத்து வைத்த ஒரு கொப்பித் தாள். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை வாசிக்கக்கூட இல்லை. 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்காம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை என்றார். ஆகவே மச்சான், வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனிசர் என்றாலும் நொத்தாரிசுக் காசைப் பாராதே. "எங்களுக்குள்ள என்ன எழுத்து" என்று சொல்கிறவரிடம் கட்டாயம் எழுது.

அதற்குப் பிறகுதான் இப்போது இருக்கிற மேல்மாடி. பஸ் நிலையத்துக்கும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் நடை தூரம். மோட்டார் சைக்கிளை மகனுக்குக் கொடுத்துவிட்டேன், எனக்குக் கால் போதும். குறை இல்லாமல் இல்லை. இது திருவெம்பாவைக் காலம், விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி தொடங்கும். இரவில் குப்பைத் தொட்டியைச் சுற்றி மான்கள். கோட்டைக்குள் இருந்தவை இப்போது ஊருக்குள் மாடு போல நடமாடுகின்றன. கீழ் வீட்டு அன்ரி ஆசையாய் வைத்த செவ்வரத்தையை ஒரே இரவில் மொட்டையாக்கிவிட்டன. அவ அந்தப் பழியை ஒரு கிழமையாக என் மகன் மீது போட்டிருந்தா.

இங்கேதான் கரண்ட் பில் பாடமும் படித்தேன். கீழுக்கும் மேலுக்கும் ஒரே மீற்றர், பில்லைப் பாதி பாதி கட்டுவோம் என்று பேச்சு. நியாயமாகத்தானே படுகிறது? படாது. வீட்டுப் பாவனைக் கட்டணம் மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடின விலைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். நாங்கள் 50, அவர்கள் 50 என்று வைத்துக்கொள். தனித்தனி மீற்றர் என்றால் இரண்டு வீடும் கீழ்ப்படியில் நின்றிருக்கும். ஒரே மீற்றரில் அது 100 ஆகி, இரண்டு வீடும் சேர்ந்து மேல்படியில் கட்டுகிறோம். சப் மீற்றர் பூட்டினாலும் யார் எவ்வளவு என்று தெரியுமே தவிர பில் குறையாது. தனி மின் இணைப்பு இருக்கா என்று கேள். வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட இது பிரயோசனம்.

சரி, உன் விசயத்துக்கு வருகிறேன். உன் கந்தோர் உவர்மலையில். உன் மனுசிக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் கிண்ணியாவில். இரண்டும் இரண்டு திசை. இதை யோசிக்காமல் வீடு எடுத்தால் ஒவ்வொரு காலையும் வீட்டில் சண்டைதான்.

கிண்ணியா என்றதும் பயப்படாதே. முந்தி நகரத்திலிருந்து அங்கே படிப்பிக்கப் போன ரீச்சர்மார் பாதையில் போக வேண்டும். இங்கே பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகிற மிதவை. அது அக்கரையில் நின்றால் வருமட்டும் காத்திருக்க வேண்டும். மூதூருக்கு என்றால் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து லோஞ்ச். கடல் குழம்பினால் அன்றைக்கு லீவு. அதனால் அக்கரையில் வேலை என்றால் அக்கரையில்தான் அறை எடுத்து இருந்தார்கள், வெள்ளிக்கிழமைதான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். 2009 ஐப்பசியில் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு அது எல்லாம் மாறிப்போச்சு. இப்போது கிண்ணியாவில் வேலை செய்கிறவர் நகரப் பக்கமே குடியிருக்கலாம். கண்டி வீதியில் பஸ் ஏறினால் சீனக்குடா தாண்டிப் பாலத்தால் போய்விடலாம். எனவே உன் மனுசி கண்டி வீதிக்கு நடந்து வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். உனக்கு மோட்டார் சைக்கிள் இருக்கு, நீ எங்கிருந்தும் போவாய்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போன இரண்டு கிழமையாக மூன்று வீடு பார்த்தேன்.

உவர்மலையில் ஒன்று. அழகுக்குக் குறைவில்லை, பின் யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும். நீ பார்த்தால் அன்றைக்கே காசை எண்ணுவாய் என்பதால் படம் அனுப்பவில்லை. சொந்தக்காரர் கனடாவில், திறப்பு வைத்திருக்கிறவர் அவருடைய மருமகன், ஒரு வருச வாடகையை முன்கூட்டியே கேட்கிறார். குழாய் உடைந்தால் ரொறன்ரோவில் விடியுமட்டும் பொறுக்க வேண்டும். உன் மனுசியோ தினமும் மேட்டால் இறங்கி, ஓட்டோ பிடித்து, பிறகுதான் பஸ்.

நகரத்துக்குள் கோயிலடியில் ஒன்று. சுத்தமான வீடு. முதல் கேள்வி, "மச்சம் சமைப்பியளோ?" மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் வந்திருந்து சூடை மீன் பொரிக்காமல் நீ எத்தனை நாள் இருப்பாய்? இரண்டாம் கேள்வி, "எந்த ஆக்கள்?" அதற்கு மேல் நான் இருக்கவில்லை, கொடுத்த பிளேன்ரியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். இந்த ஊரில் மூன்று இனமும் ஒரே சந்தையில் பேரம் பேசி வாங்குகிறது. வாடகை வீடு என்று வந்தால் மட்டும் படலையில் ஒரு விசாரணை. என் கந்தோரில் ஒரு முஸ்லிம் பிள்ளை நாலு மாதம் அலைந்துதான் அறை எடுத்தது. நீ தமிழன் என்பதால் உனக்குத் தப்பும், ஆனால் அப்படித் தப்புகிற வீட்டில் இருக்க எனக்கு மனமில்லை. நீ என்ன நினைக்கிறாயோ தெரியாது.

மூன்றாவது பாலையூற்றில், லூர்து அன்னை ஆலயத்துப் பக்கம். கண்டி வீதிக்கு ஆறேழு நிமிச நடை, பெண்பிள்ளை தனியே நடக்கக்கூடிய வெளிச்சமான வீதி. நான் காலை ஆறே முக்காலுக்குப் போய் நின்று பார்த்தேன். அரை மணித்தியாலத்துக்குள் கிண்ணியாப் பக்கம் மூன்று பஸ் போனது, ஒன்றில் இருக்கவும் இடம் இருந்தது. உனக்கு உவர்மலைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிசம். தனி மீற்றர். நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணி, கந்தளாயிலிருந்து வருவது, வாய்க்கு ருசி. ஆனால் மேல்மாடிக்குப் பகலில் மெதுவாகத்தான் ஏறும், இரவில் தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். தாங்கிக்கு மூடி போடச் சொல்லியிருக்கிறேன், 2017இல் இந்த மாவட்டம் டெங்குவால் பட்ட பாடு போதும். படுக்கையறை மேற்குப் பக்கம். இப்போது மழையில் தெரியாது, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது சுவரே சுடும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். கல்லோயாச் சந்தியில் ரயில் பெட்டிகளைப் பிரிப்பதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார், நீயும் கேட்கத்தான் வேண்டும். மச்சம் பற்றிக் கேட்கவில்லை, ஆக்கள் பற்றியும் கேட்கவில்லை. "இரவு ரயிலில கொழும்புக்குப் போய் வருவினமோ?" என்று மட்டும் கேட்டார். மாதம் 30,000, ஆறு மாத முற்பணம், இரண்டு வருசத்துக்கு நொத்தாரிசு எழுத்து, சம்மதம்.

மகளின் பள்ளிக்கூடத்துக்காக நகரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று உன் மனுசி சொன்னதாய்ச் சொன்னாய். இடமாற்றத்தில் வருகிற உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கென்று முதலாம் தரத்தில் ஒரு சிறு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இடமாற்றக் கடிதத்தைப் பிரதி எடுத்துக் கவனமாக வை. பள்ளிக்கூட மதிலுக்குப் பக்கத்தில் வீடு என்று கூடின வாடகை கேட்கிறவனிடம் மாட்டாதே.

பாலையூற்று வீட்டையே பேசி முடிப்போம் என்று எழுதத்தான் இருந்தேன். வெளிப்பக்கப் படி என்று சந்தோசத்தில் ஏறி இறங்கியும் பார்த்தேன், ஆனால் இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உன் அம்மாவின் நினைவு வந்தது. வெள்ளவத்தையில் அவவுக்கு லிப்ட் இருந்தது. இங்கே பதினேழு படி, கைபிடி ஒரு பக்கம்தான், மழைக்குக் கூரையும் இல்லை. மற்றப் பக்கமும் கைபிடி போட்டுத் தருவீர்களா என்று வீட்டுக்காரரிடம் நாளைக்கே கேட்கிறேன். அவர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பார். நீ அம்மாவிடம் கேள், மனுசியிடம் அல்ல, அம்மாவிடமே கேள். அவவின் முழங்கால் என்ன சொல்கிறது என்று வியாழன் இரவுக்குள் எனக்குச் சொல்.

உன் பழைய அறைத் தோழன்