சிவப்பு மருந்தும் முள் சீத்தாவும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பதில் போடத் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் இல்லை. கூடவே மடித்து அனுப்பியிருந்தாயே, அந்த வாட்ஸ்அப் செய்தி, அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். 'முள் சீத்தா இலைக் கஷாயம்: கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி!' முப்பத்து மூன்று வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டரில் நின்றவன், சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பான் என்று நினைத்திருப்பாய். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிற உன் தங்கை மங்கைக்காக, அடுத்த கீமோவைத் தள்ளிப் போட்டுவிட்டு இதைக் கொடுக்கலாமா என்று நீ கேட்டிருந்ததால் சிரிப்பு வரவில்லை. நாம் பி.யு.சி. பரீட்சைக்கு முழித்துக்கிடந்த ராத்திரிகளில் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, இந்தத் தடவையாவது பாஸ் ஆவீங்களா?" என்று கேட்பாளே, அந்தச் சின்னப் பிள்ளைதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறாள்.

அந்த 10,000 கட்டுக்கதையாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடினேன். பொய் இல்லை, சேது. அதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்து ஆட்கள், நம் சீத்தாப்பழத்துக்கு உறவான இந்த முள் சீத்தாவின் விதையிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து 1996-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்றைப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டபோது, அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைப்போல 10,000 மடங்கு வீரியம் காட்டியதாம். எல்லாம் ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில். மனுஷர் ஒருவருக்கும் அந்த ஆராய்ச்சியில் மருந்து கொடுக்கவில்லை.

மருந்துக்காரன் பாஷையில் 'வீரியம்' என்றால் எவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிறது என்ற கணக்கு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அந்தத் தட்டில் இருக்கிற செல் செத்துவிடும் என்று அர்த்தம். பத்தாயிரம் மடங்கு நன்றாகக் குணமாக்கும் என்று அர்த்தம் இல்லை. வார்டைத் துடைக்கிற பினாயிலை ஊற்றினாலும் தட்டில் உள்ள செல் சாகத்தான் செய்யும். வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, கட்டி இருக்கிற இடம்வரை போதுமான அளவில் போய்ச் சேர்ந்து, போகிற வழியில் நல்ல செல்லைக் கெடுக்காமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் எலி, அப்புறம் கொஞ்சம் பேர், அப்புறம் நிறையப் பேர் என்று வருஷக்கணக்கில் பார்க்கிறார்கள். செய்தியை எழுதினவர் அதையெல்லாம் ஒரே தாவலில் தாண்டிவிட்டார். விதை இலையாகிவிட்டது. பிரித்தெடுத்த பொருள் கஷாயமாகிவிட்டது. பெருங்குடல் எல்லாப் புற்றுநோயும் ஆகிவிட்டது.

இன்னொன்று. அந்தச் செய்தி மட்டம் தட்டுகிற அட்ரியாமைசின் எது தெரியுமா? மங்கையின் சீட்டில் டாக்ஸோரூபிசின் என்று எழுதியிருக்கிறதே, அதேதான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'சிவப்பு மருந்து' என்பார்கள். அது ஏறின அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துபோனாள் என்று எழுதியிருந்தாய். மருந்தின் நிறம்தான் அது, ஓரிரு நாளில் தெளிந்துவிடும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். இந்த மாதிரி ஒரு வார்த்தை கிடைக்காத இடத்தில்தான் வாட்ஸ்அப் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. டாக்டர் மூன்று நிமிஷம் தருகிறார், செய்தி ராத்திரியெல்லாம் கூடவே இருக்கிறது.

'கீமோ கெமிக்கல், இலை இயற்கை' என்றும் அதில் எழுதியிருக்கிறது. சிவப்பு மருந்தின் பூர்வீகம் இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண். அதில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்துதான் வந்தது. பக்கத்தில் இருக்கிற ஏட்ரியாட்டிக் கடலின் பெயரைத்தான் மருந்துக்கும் வைத்தார்கள். நம் வாசலில் கேட்பாரற்றுப் பூக்கிற நித்திய கல்யாணியை எடுத்துக்கொள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று அந்த இலையை 1950-களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணு குறைந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கொடுக்கிற வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் எல்லாம் வந்தன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் விஷம். செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, சேது. செடிக்கும் ஊசிக்கும் நடுவில் நடக்கிற வேலையைத்தான் சொல்கிறேன்.

முள் சீத்தாவிலும் பயப்பட ஒன்று இருக்கிறது. கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு. அங்கே, கை நடுங்கி உடம்பு விறைத்துப்போகிற பார்க்கின்சன் என்ற நரம்பு நோயில் வழக்கத்துக்கு மாறான ஒருவகை அதிகம் தென்பட்டது. அவர்களில் பலர் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தாராளமாக உட்கொண்டவர்கள் என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இதுதான் காரணம் என்று அறுதியிட்டு நிரூபித்துவிடவில்லை. நானும் பாதியை மறைத்துச் சொன்னால் அந்தச் செய்திக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆனாலும் தினமும் ரெண்டு டம்ளர் கஷாயம் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் பெரிய அண்ணன் கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது நிச்சயம் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். யாரோ ஒருவர் காணொளி காட்டினார். வைத்தியர், வெள்ளை வேட்டி, பின்னால் மலை, 'குணமானவர்கள்' வரிசையாகப் பேசுகிறார்கள். மாதம் எட்டாயிரம் ரூபாய்க்குப் பொடி. ஐந்து மாதம். அண்ணன் பொடியைத் தேனில் குழைக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், மருந்துக்காரன். மூத்தவரை எதிர்த்துப் பேசக் கூச்சப்பட்டேன். ஆறாவது மாதம் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் காணொளியைப் பிற்பாடு நிதானமாக மறுபடி பார்த்தேன். பேசின நாலு பேரில் ரெண்டு பேர் போகிற போக்கில் "ஆபரேஷனுக்குப் பிறகு" என்கிறார்கள். அப்போது காதில் விழவே இல்லை. 2024 நவம்பரில் கிரிக்கெட்காரர் சித்து, தன் மனைவியின் நான்காம் கட்டப் புற்றுநோய் வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சைச் சாப்பாட்டால் நாற்பது நாளில் போய்விட்டதாகச் சொன்னது ஞாபகம் இருக்கா? அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இருக்கிற, இருந்த 262 புற்றுநோய் மருத்துவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, இதை நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரவில்லை. நாற்பது நாள் கதை மூன்று தடவை வந்தது.

நீ அனுப்பின தாளை ஒருமுறை திருப்பிப் பார். எந்தப் புற்றுநோய், எத்தனையாவது கட்டம் என்று ஒரு இடத்திலாவது கேட்கிறதா? மங்கையின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். முதல் ரெண்டும் கட்டியின் செல்லில் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கிறதா என்று சொல்லும், மூன்றாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று சொல்லும். அந்த மூன்றையும் பார்த்துத்தான் மருந்தே முடிவு செய்வார்கள். ஹெர்2 இல்லாதவருக்கு அதற்கான விலை உயர்ந்த ஊசியைப் போட மாட்டார்கள். நிஜ மருந்து 'இன்னாருக்கு வேலை செய்யும், இன்னாருக்குச் செய்யாது' என்று முதலிலேயே கையை விரித்துவிடும். இந்தத் தாள் அப்படி எதுவும் சொல்லவில்லை. கடைசி வரியில் ஒரு செல்போன் நம்பர் இருக்கிறது, மாத்திரை வாங்க. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954 சட்டப்படி குற்றம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்ததும் அதே வருஷம்தான்.

நேரடியாகக் கேட்டாய், நேரடியாகவே சொல்கிறேன். மூன்றாவது கீமோவைத் தள்ளிப் போடாதே. முற்றாத புற்றுநோய்க்குச் சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் பார்த்த 281 பேரைப் பற்றி அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் மார்பகப் புற்றுநோய்க்காரர்கள் இறக்கும் அபாயம், சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். இதை அவளிடம் சொல்லாதே, உனக்கு மட்டும். இதுவரை குடித்த கஷாயத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறியிருந்தால் எதனால் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மாப்பிள்ளையிடமும் கோபப்படாதே. இலை பறித்து வந்தவர் அவர்தானே? பெண்டாட்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிற மனுஷனுக்கு வேறு வேலை கொடு. டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல், முதல் கேள்வி வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது என்பது.

வியாழக்கிழமைதானே கீமோ? புதன் ராத்திரியே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். ஊசி ஏறி முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், சிவப்பைப் பார்த்து அவள் பயந்தால் சொல்வதற்கு ஒரு ஆள். மதினியைக் கேட்டதாகச் சொல். அந்தக் கஷாயச் சட்டியை நன்றாகக் கழுவி வைக்கச் சொல், இந்தத் தடவை மங்கைக்குக் கடுங்காப்பி நான் போடுகிறேன்.

உன்,
கணபதி