சிறு நெல் வயல்களுக்கு உரிய நாளில் வாடகை இயந்திரம் கிடைக்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு நெல் விவசாயிகள் சார்பில் ஒரு விவசாயி

பெறுநர்:
உயர்திரு செயலர் அவர்கள்,
வேளாண்மைத் துறை

பொருள்: நடவு, அறுவடை இயந்திரங்களுக்கான மானியத்தை வாடகைச் சேவைக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இரண்டு ஏக்கரில் நெல் பயிரிடுகிறேன். சென்ற பருவத்தில் கதிர் முற்றித் தலை சாய்ந்தபின் அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைத்தேன். பெரிய பண்ணைகளை எல்லாம் முடித்துக்கொண்டு ஒன்பதாம் நாள்தான் வந்தது. ஏழாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. படுத்துவிட்ட கதிரைத் தூக்கிப் பார்த்தால், சேற்றில் கிடந்த மணிகளில் வெள்ளை முளை விட்டிருந்தது. அந்த ஈர நெல்லுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை.

என் வயலை அறுக்க அந்த இயந்திரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். அதற்காக நான் ஒன்றைச் சொந்தமாக வாங்கினால், மீதி நாளெல்லாம் அது கொட்டகையில் நிற்கும். கடனுக்கான வட்டி நிற்காது. அரசு பாதி விலையை மானியமாகத் தந்தாலும் மறுபாதியை இரண்டு ஏக்கர் வருமானத்தால் அடைக்க முடியாது. ஊர் ஊராகப் போய்ப் பருவத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் அறுத்தால்தான் இயந்திரம் தன் கடனைத் தானே அடைக்கும். எனவே வாங்குவதற்கென்று தரும் மானியம் வசதி உள்ளவர்களிடமே போய்ச் சேருகிறது. எங்களுக்கு இயந்திரம் சொந்தமாக வேண்டாம் ஐயா, அதன் வேலை உரிய நாளில் வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. வங்கதேசத்தில் 1988-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் புயலிலும் உழவு மாடுகள் ஏராளமாக மடிந்தபின், சிறு டீசல் என்ஜின்களையும் பவர் டில்லர் என்னும் சிறு உழவு இயந்திரங்களையும் இறக்குமதி செய்ய இருந்த கட்டுப்பாடுகளை அரசு தளர்த்தியது. சீனாவிலிருந்து வந்த மலிவான டில்லர்களை வாங்கியவர்கள் அக்கம்பக்கத்து நிலங்களையும் வாடகைக்கு உழுதார்கள். துண்டு துண்டான வயல்கள் நிறைந்த அந்த நாட்டில் இன்று உழவின் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் தன் கதிரடிக்கும் இயந்திரத்தின் வரைபடங்களைச் சிறு பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. உள்ளூரிலேயே செய்யவும் பழுது பார்க்கவும் முடிந்ததால் அது பல ஆசிய நாடுகளில் பரவியது.

ஆகவே மானியத்தை, சிறு வயல்களில் உண்மையில் அறுத்த, நட்ட ஏக்கர் கணக்கில் வாடகைச் சேவை நடத்துபவர்களுக்கு வழங்க வேண்டுகிறோம். ஓட்டுநர்கள் எங்கள் வயலுக்கு வரத் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. பத்தடி ஓடியதும் வரப்பு குறுக்கிடும். திருப்புவதிலேயே டீசல் தீரும். மூலையில் நிற்கும் கதிரை அரிவாளால்தான் அறுக்க வேண்டும். இதற்கு நாங்களும் எங்கள் பங்கைச் செய்கிறோம். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டு, இருபது ஏக்கரைச் சேர்ந்தாற்போல் அறுக்கத் தரச் சம்மதித்திருக்கிறோம். முன்பதிவு வரிசை எல்லோர் பார்வைக்கும் எழுதி ஒட்டப்பட வேண்டும். பருவத்தின் நடுவில் ஒரு பெல்ட் அறுந்தால் நாள்கணக்கில் நிற்காதபடி உதிரி பாகங்களும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் அருகிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. நடவு இயந்திரம் வந்தால், என் வயலில் குனிந்து நட்ட பெண்களின் கூலி போகும். அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்காலில், அதாவது தட்டுகளில் பாய்போல் அடர்த்தியாக, வளர்த்த பதினைந்து நாள் இளநாற்று வேண்டும். விதை ஒரே சீராக விழாவிட்டால் வயலில் இடைவெளி விழும். கைப்பக்குவம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அந்த நாற்றங்கால் பணியை நடவுப் பெண்களின் குழுக்களுக்கே ஒப்படைத்து, தட்டுகளுக்கும் முதல் பருவ விதைக்கும் அரசு உதவ வேண்டும்.

அடுத்த நாற்றங்கால் விடுவதற்குள் இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சிறு நெல் விவசாயிகள்