குழி பறித்தவர் யார்? சினிமா துணுக்கு வீடியோ போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். "யாருக்குமே தெரியாத பத்து ரகசியங்கள்" என்று தலைப்பு வைத்து, நடிகர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்டு நீங்கள் ஏற்றுகிற வீடியோக்களை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தவறாமல் பார்க்கிறவன் நான். பத்து லட்சம் பேர் பார்த்த பிறகும் அது யாருக்குமே தெரியாத ரகசியமாகவே இருப்பதில் எனக்குத் தனி மரியாதையே உண்டு. கிண்டல் இருக்கட்டும். வாரப் பத்திரிகையில் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி நாலு வரி வரும் சினிமா துணுக்கைக் கத்தரித்துப் பழைய கணக்கு நோட்டில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய பிறவி நான், உங்களுக்கு இருக்கிற அதே வியாதிதான், எனக்குக் கொஞ்சம் முற்றிய கேஸ். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

'அபூர்வ சகோதரர்கள்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989 சித்திரையில் வந்தது. அதில் கமல் நடித்த அப்பு எப்படிக் குள்ளமானான் என்பதைப் பற்றி நீங்கள் போட்ட வீடியோ மட்டும் நான் பார்த்தவரையில் ஒரு டஜன் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே கதை: கமல் காலை மடக்கிக் கட்டிக்கொண்டு நடித்தார், வலி தாங்கிக்கொண்டார், சோக மியூசிக், முடிந்தது. தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் பாதி. படத்தை எடுத்த சிங்கீதம் சீனிவாசராவ் பிற்பாடு தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஒரே தந்திரம் கிடையாது, கேமரா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறியது. நேருக்கு நேர் பார்க்கும் ஷாட் என்றால் தரையில் குழி பறித்து, கமல் முழங்கால்வரை உள்ளே இறங்கி நிற்க, முழங்காலில் மாட்டிய ஷூ மட்டும் தரைமேல் தெரியும். நடக்க வேண்டுமென்றால் நடக்கிற தூரத்துக்குக் குழியும் நீள வேண்டும். பக்கவாட்டில் பார்க்கிற ஷாட்டில் இந்த வேலை பலிக்காது, அங்கேதான் காலை மடக்கி விசேஷ ஷூ, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஓர் ஆள். உட்கார்ந்திருக்கிற ஷாட்டுக்குச் சொந்தக் காலை மறைத்துச் செயற்கைக் கால்.

சரி, இப்போது என் கேள்வி. அந்தக் குழியைப் பறித்தது யார்? (தமிழில் குழி பறிப்பது என்றால் வேறு அர்த்தம், சினிமாவில் அதற்கும் பஞ்சமில்லை, நான் கேட்பது மண்வெட்டி வைத்துப் பறித்த நிஜக் குழியை.) எவ்வளவு அகலம் விட்டார்கள்? சிமெண்ட் தரை உள்ள ஸ்டுடியோ ஃப்ளோரில் என்ன செய்தார்கள், மேடை போட்டு உயர்த்தி நடுவில் சந்து விட்டார்களா? குழியின் விளிம்பு தெரியாமல் இருக்க லைட்டை எப்படி வைத்தார்கள்? அந்த ஷூவைத் தைத்த கை யாருடையது, எத்தனை ஜோடி வீணானது? கமல் பட்ட கஷ்டத்தை நீங்கள் பன்னிரண்டு முறை சொல்லியாயிற்று, அவரும் பேட்டிகளில் சொல்லாமல் இல்லை. இந்தக் கேள்விகளை மட்டும் ஒருத்தரும் கேட்கக் காணோம். பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று என்ன வயது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பற்றியும் அப்படித்தான். சிவாஜி கன்னம் உப்புவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாதஸ்வரச் சத்தம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. நான் பார்த்த ஒரு வீடியோவில் எட்டு நிமிடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே வரி, அதிலும் ஒருவர் பெயரை விழுங்கியாயிற்று. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து வாசித்ததில் பாதியை எடிட் செய்தால் என்ன மிஞ்சும் சொல்லுங்கள்!

இரட்டை வேடம் இன்னொரு சுரங்கம். 1940லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தமபுத்திரன்' எடுத்துப் பி.யு. சின்னப்பாவை இரண்டாக்கிவிட்டது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரே ஆள் ஒரே ஃபிரேமில் இரண்டு பேராக நிற்க என்ன வழி என்றால், லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பது, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி அதே இடத்துக்குக் கொண்டுவருவது, மறைத்த பாதியைத் திறந்து எடுத்த பாதியை மூடி மறுபடி எடுப்பது. நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தால் தூண் இரண்டாகப் பிளந்து தெரியும். சுற்றியதில் எண்ணிக்கை பிசகினால் அண்ணன் கேள்வி கேட்பதற்கு முன்பே தம்பி பதில் சொல்லிவிடுவார். நடிகர் உடை மாற்றி மீசை ஒட்டி வரும்வரை அந்தக் கேமராவை யாரும் தொடாமல் காவல் காத்த அசிஸ்டென்ட்டின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இது பத்து நிமிட வீடியோவுக்குத் தாங்காதா? தாங்கும். அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி நீங்களே செய்து காட்டலாம்.

பொய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ்பாண்டின் 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தில் உடம்பெல்லாம் தங்கப் பூச்சோடு கிடந்த நடிகை ஷர்லி ஈட்டன் அந்தப் பெயிண்டாலேயே செத்துப்போனார் என்று உலகம் முழுக்க ஒரு கதை உலவியது. அவரோ அதற்கப்புறமும் பல படங்களில் நடித்துவிட்டுத் தானாகவே சினிமாவை விட்டுப் போனவர். நீங்கள் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எடுக்கிறீர்கள், அவரைப் பார்த்து மூன்றாமவர், போகிற வழியில் ஐம்பது வயலின் நூறாகிறது, மூன்று நாள் ஷூட்டிங் முப்பதாகிறது. யார் சொன்னது, எந்தப் பேட்டியில் சொன்னது என்று கீழே ஒரு வரி போட்டால் குடி முழுகிவிடாது.

ஊதிப் பெருக்காமலே உண்மை ருசியாகத்தான் இருக்கிறது. 'நாயகன்' (1987) பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அது முழுக்கத் தாராவியிலேயே எடுத்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பம்பாயில் எடுத்தது கொஞ்சம்தான், மிச்சத் தாராவியை அங்கே எடுத்து வந்த போட்டோக்களை வைத்து மெட்ராஸ் வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி கட்டி எழுப்பினார், தேசிய விருதும் வாங்கினார். 'ஜாஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் சுறா ரொம்ப நேரம் கண்ணிலேயே படாததற்கும் காரணம், செய்து வைத்த இயந்திரச் சுறா கடல் உப்புத் தண்ணீரில் மக்கர் பண்ணியதுதான். 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. வராத சுறாவுக்குப் பதிலாக அது இழுத்துப் போகிற மஞ்சள் பீப்பாயையும் இரண்டு சுர இசையையும் வைத்து ஒப்பேற்றியதில் 1975ல் ஜனங்கள் கடற்கரைப் பக்கம் போகவே பயந்தார்கள். ரிப்பேரான மெஷின் ஒரு படத்தின் கதைசொல்லும் முறையையே மாற்றிவிட்டது. எனக்குத் துணுக்கு என்றால் இது. ஹீரோ இட்லி மட்டும்தான் சாப்பிட்டார் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மைக் முன்னால் டி.எம்.எஸ். பாடுகிறார், எம்.எஸ்.வி. நடத்துகிறார், வாத்தியக்காரர்கள் வரிசையாக வாசிக்கிறார்கள், நாகேஷ் ஆடுவது அதன் கூடவே வருகிறது. மேக்கிங் வீடியோ என்ற வார்த்தை வருவதற்கு முன்பே ஏவி.எம். அதைப் படத்துக்குள்ளேயே வைத்துக் காட்டிவிட்டது. அதில் வாசிக்கிற முகங்களில் எத்தனை பேருக்கு உங்களால் பெயர் சொல்ல முடியும்? எனக்கு முடியவில்லை, வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக, இந்த மடலை எழுத வைத்த சம்பவம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், கோடம்பாக்கம் ஃப்ளோர்களில் முப்பது வருஷத்துக்கு மேல் செட் தச்சு வேலை பார்த்தவர். போன வருஷம் ஒரு சேனலில் இருந்து மூன்று பேர் லைட், குடை எல்லாம் கொண்டுவந்து பேட்டி எடுத்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, பிளைவுட்டில் பளிங்குத் தூண் செய்வது எப்படி, பிளாஸ்டர் காய்வதற்கு முன் எந்த நேரத்தில் பளிங்கு நரம்பு வரைய வேண்டும், சண்டைக் காட்சியில் நொறுங்குகிற நாற்காலிக்கு எந்த மரம் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: இன்ன நடிகைக்கும் இன்ன டைரக்டருக்கும் செட்டில் சண்டையாமே, நீங்கள் பார்த்தீர்களா? "நான் தூணுக்குப் பின்னாடி இருந்தேன் தம்பி" என்றார் இவர். வீடியோ வந்தபோது அந்த ஒரு வரி மட்டும் இருந்தது, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து. மீதி இரண்டு மணி நேரம் என்ன ஆனது என்று நான் போன் செய்து கேட்டேன். மெமரி கார்டு நிரம்பிவிட்டது, அழித்துவிட்டோம் சார் என்றார்கள்.

அவர் இன்னும் இருக்கிறார். உங்களில் யாருக்காவது அந்தத் தூணைப் பற்றிக் கேட்கத் தோன்றினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே கூட்டிப் போகிறேன். காலை பத்து மணிக்கு மேல் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். வலது காது கேட்காது, இடது பக்கமாக உட்காருங்கள். பெரிய கார்டாக எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
நோட்டில் துணுக்கு ஒட்டிய ஒருவன்