மாத்திரை மட்டும் வந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குருதிப் புற்றுநோயை மாத்திரையாலேயே கட்டுப்படுத்தலாம் என்ற செய்திகள் அண்மைக்காலமாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. நிணநீர்க்கலங்கள் எனும் வெண்குருதிக் கலங்கள் பெருகும் நாட்பட்ட நிணநீர்க்கலக் குருதிப் புற்றுநோயை (சி.எல்.எல்.) பொறுத்தவரை அவற்றில் உண்மை நிறையவே உண்டு. ஆனால் எந்த மருந்து யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, எத்தகைய கண்காணிப்போடு என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அரச வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதியவர்களையே அதிகம் பிடிக்கும் இந்நோய், வேறெதற்கோ செய்த எப்.பி.சி. (முழுக் குருதிக்கல எண்ணிக்கை) பரிசோதனையில்தான் பலருக்கு முதலில் தெரியவருகிறது. கண்ணாடித் தகட்டில் பூசிய குருதியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முதிர்ந்த சிறு நிணநீர்க்கலங்கள் நெருக்கமாகக் கிடக்க, இடையிடையே நசுங்கிச் சிதைந்த கலங்கள் ஊதாக் கறைகளாகத் தெரியும். அறிகுறி இல்லாதவருக்கு உடனே மருந்து தொடங்காமல், சிலவேளை ஆண்டுக்கணக்கில், கிளினிக்கில் பார்த்து வருவதே உலகெங்குமுள்ள நடைமுறை. "ஒரு மருந்தும் தராமல் அனுப்பிவிட்டார்கள்" என்று உறவினர்கள் குறைப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், அது அலட்சியமன்று.

மருந்து தேவைப்படும் கட்டத்தில்தான் புதிய ஆய்வுகளின் பயன் தெரிகிறது. ஒக்டன் புரூட்டன் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1952 இல் பிறபொருளெதிரிகள் (கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள்) உருவாகாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அக்குறைபாட்டின் பின்னாலிருந்த நொதியம் 1993 இல் இனங்காணப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. அதே நொதியத்தைத் தடுத்து நோய்க்கலங்களின் பிழைப்பைக் கெடுக்கும் இப்ரூட்டினிப் என்ற மருந்து, இந்தக் குருதிப் புற்றுநோய்க்கென 2014 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், மருந்துக்குப் பின் திரும்பிய நோய்க்காகச் சேர்க்கப்பட்டது. நல்ல மருந்துதான். ஆயினும் பலன் தரும்வரை நாள்தோறும் விடாமல் விழுங்க வேண்டியது. குருதிக்கசிவும் இதயத்துடிப்புக் குழப்பமும் வரக்கூடியது. 2022 இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே அலைந்த நாம், முடிவுத்திகதி இல்லாத விலையுயர்ந்த சிகிச்சையொன்றை நம்பி இறங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இதனால்தான் வெனட்டோகிளாக்ஸ் என்ற மற்றொரு மாத்திரை பற்றிய ஆய்வுகளை நமக்கு மிக நெருக்கமானவையாகக் கருதுகிறேன். கலங்களைச் சாகவிடாமல் காக்கும் பி.சி.எல்.-2 புரதத்தை முடக்கும் இம்மருந்தை, ஒபினுட்டுசுமாப் என்ற ஊசி மருந்தோடு சேர்த்து, ஏறத்தாழ ஒரே ஆண்டில் நிறுத்திவிடலாம் என்று 432 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான சி.எல்.எல். 14 ஆய்வு காட்டியது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் வேறு நோய்களும் உள்ள முதியவர்கள், சிறுநீரகச் செயற்பாடு குறைந்தவர்கள் உட்பட. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வேரூன்றியுள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் இது சிறிய விடயமல்ல.

ஆனால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. இம்மருந்தில் நோய்க்கலங்கள் திடீரென்று கூட்டமாக இறந்தால், பொட்டாசியமும் யூரிக் அமிலமும் குருதியில் ஏறி, இதயத்துடிப்பு குழம்பவோ சிறுநீரகம் செயலிழக்கவோ கூடும். ஆகவே 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரங்களில் 400 மில்லிகிராமுக்கு உயர்த்துகிறார்கள். ஏராளமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். முதற்படிகளில் மருந்து விழுங்கிய 6 முதல் 8 மணித்தியாலத்திலும், பின்னர் 24 மணித்தியாலத்திலும் குருதியைச் சோதிக்கிறார்கள். புதுக்குடியிருப்பிலிருந்து மகரகமை, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் போய்வரும் ஒரு முதியவருக்கு இதை எப்படி நடத்துவது என்பதை யாராவது திட்டமிட்டுத்தான் ஆகவேண்டும்.

அத்தோடு, சிகிச்சை தொடங்குமுன் 17 ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இழக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்த இழப்பு உள்ளவருக்குப் பழைய கீமோ மருந்துகள் சரிவர வேலை செய்யா. அவருக்கு அவற்றை ஏற்றுவது வீண் வேதனை. இச்சோதனைக்குப் பெரும்பாலும் என்புமச்சையைக் குத்தி எடுக்க வேண்டியதில்லை, கையில் எடுக்கும் குருதியே போதும் என்பதால், நோயாளியை அலையவிடாமல் மாதிரியை மட்டும் ஏ-9 வீதியால் அனுப்பலாம்.

எனவே மாகாண, மத்திய சுகாதார அதிகாரிகளிடம் கேட்பது இவை: கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா வைத்தியசாலைகளிலிருந்து இம்மாதிரிகளைச் சிறப்பு ஆய்வுகூடங்களுக்கு அனுப்ப நிலையான ஏற்பாடு; மருந்தளவை உயர்த்தும் வாரங்களில் பொட்டாசிய, யூரிக் அமில அளவுகளை மாவட்டத்திலேயே அன்றன்று பார்த்துப் புற்றுநோய் வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவிக்கும் ஒழுங்கு; மருந்துக் கொள்வனவைத் தீர்மானிக்கும்போது கால எல்லையுள்ள சிகிச்சையின் மொத்தச் செலவை, எல்லையற்ற சிகிச்சையின் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தல்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
முள்ளியவளை.