அமாவாசையில் எட்டிப் பார்க்கும் நிலா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரத்தக்காட்டேரிக் காதல் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ட்வைலைட்’ முதல் பாகம் கத்துக்குட்டி வேலை, இரண்டாம் பாகமான ‘நியூ மூன்’தான் முறையான சினிமா என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். 33 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கோடை விடுமுறைக்கு வந்திருந்த தங்கை பேத்தி, பிளஸ் டூ படிப்பவள், லேப்டாப்பில் இரண்டையும் ஒரே நாளில் எனக்குப் போட்டுக் காட்டினாள். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டே பார்க்க உட்கார்ந்தேன். பாதியில் அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு திருத்தங்கள். ஒரே இயக்குநர் இரண்டாவது படத்தில் தேறிவிட்டார் என்பதுபோலக் கட்டுரை போகிறது. அப்படியில்லை. 2008-இல் வந்த முதல் படத்தை எடுத்தவர் கேத்தரின் ஹார்ட்விக் என்ற பெண்மணி. 2009-இல் வந்த இரண்டாவதை எடுத்தவர் கிறிஸ் வைட்ஸ். இரண்டுக்கும் பொதுவானவர் திரைக்கதை எழுதிய மெலிசா ரோசன்பெர்க். முதல் படம் நவம்பரில் வெளியாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிசம்பரில், அடுத்ததில் ஹார்ட்விக் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். கால அட்டவணை ஒத்துவரவில்லை என்பது அப்போது சொன்ன காரணம். அடுத்த நவம்பருக்கே படம் வந்தாக வேண்டும் என்ற அவசரம். இன்னொன்று, இரண்டாம் படத்தின் முடிவில் வரும், கட்டுரையாளர் மயங்கிப்போன அந்த இத்தாலிய சதுக்கம் வோல்டெர்ரா அல்ல. கதையில் ஊர் வோல்டெர்ராதான். படம் பிடித்தது மோன்டெபுல்சியானோவில்.

வசூலை வைத்து அவர் வாதாடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. உலகம் முழுக்க 40 கோடி டாலரை ஒட்டி வசூலித்தது. இரண்டாவதற்குச் செலவு 5 கோடி, வசூல் 70 கோடிக்கு மேல். அமெரிக்காவில் முதல் நாளில் மட்டும் 7 கோடியே 27 லட்சம் டாலர். முந்தைய ஆண்டு பேட்மேன் படம் வைத்திருந்த முதல் நாள் சாதனையை அது முறியடித்தது. ஆனால் முதல் நாள் டிக்கெட் எடுக்கிறவர் படத்தைப் பார்த்துவிட்டா எடுக்கிறார்? அந்த 7 கோடி முதல் படம் சம்பாதித்துக் கொடுத்த பெயருக்கு விழுந்த மொய்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. ஹார்ட்விக்கின் படத்தில் பிசிறுகள் ஏராளம். வெயிலில் காட்டேரிக் கதாநாயகன் எட்வர்டின் தோல் ஜரிகை போல மின்னுவதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்; பேத்திக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் பதினேழு வயதில் ஒருத்தி ஒருவனைக் கவனிக்கத் தொடங்கும்போது உடம்பில் ஏறும் கூச்சம் அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது. உயிரியல் வகுப்பில் கதாநாயகி பெல்லா நுழைகிறாள். மின்விசிறிக் காற்று அவள் வாசனையை எட்வர்டின் பக்கம் தள்ளுகிறது. அவன் குமட்டல் வந்தவன் போல மூக்கைப் பொத்திக்கொள்கிறான். பின்னால் பாடம் செய்து வைத்த வெள்ளை ஆந்தை ஒன்று, அதன் விரிந்த சிறகுகள் சரியாக அவன் தோள்களிலிருந்து முளைத்ததுபோல. அவளோ, நம் மேல் ஏதாவது நாற்றமா என்று தன் தலைமுடியை முகர்ந்து பார்த்துக்கொள்கிறாள். வகுப்பறையிலேயே ஆயுளைக் கழித்தவள் சொல்கிறேன், அந்த முகர்ந்து பார்த்தல் பொய்யில்லை. கேமராவும் கையில் பிடித்தபடி நடுங்கிக்கொண்டே வருகிறது. படம் முழுக்க நீலமும் பச்சையுமாக, மழையில் ஊறிய துணி மாதிரி ஒரு நிறம்.

பழக்க தோஷம், நிலத்தையும் காதலின் நிலையையும் இணைத்துச் சங்கப் புலவர்கள் வகுத்த திணையைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. மலை, மழை, குளிர், ஊர் அறியாத காதல், நள்ளிரவில் அவள் வீட்டுக்கே வந்து நிற்கும் அவன். இது கூடலுக்குரிய குறிஞ்சி, அதிலும் இரவில் ரகசியமாகச் சந்திக்கும் இரவுக்குறி. (தூங்கும் பெண்ணை அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டு நிற்பதை நான் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. என் வகுப்புப் பையன் எவனாவது செய்திருந்தால் மறுநாளே அவன் அப்பா தலைமையாசிரியர் அறையில் நின்றிருப்பார்.)

இரண்டாவது படத்தில் அவன் அவளைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறான். அதுவரை இருந்த நீலம் வடிந்து பொன்னும் பழுப்புமாக மாறுகிறது நிறம். பாலைத் திணைக்குரிய செந்நாய்க்குப் பதில் ஓநாய்கள் வருகின்றன. முடிவில் அவன் உயிரை விடத் தேர்ந்தெடுக்கும் நேரம் உச்சி வெயில். நண்பகலும் வேனிலும் பாலைக்கு உரியவை என்று தொல்காப்பியர் சொன்னதை வைட்ஸ் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நிலமும் பொழுதுமான முதற்பொருள் சரியாக அமைந்துவிட்டது, விலங்கு முதலான கருப்பொருளும் அமைந்துவிட்டது. திணைக்கு உயிரான உணர்வு, அதாவது உரிப்பொருளில்தான் கோட்டை விட்டார்.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. இந்தக் கதையின் மூல நாவலில் ஸ்டெஃபனி மேயர் அதற்கு ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார். அவன் போன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் அச்சான பக்கங்கள். வேறு ஒரு சொல் கிடையாது. இதைத் திரையில் எப்படிக் காட்டுவது? பெல்லா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அவளைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெளியே பருவம் மாறுகிறது, மாதத்தின் பெயர் வந்து போகிறது. இலை உதிர்கிறது, பனி விழுகிறது. அவள் அசையவில்லை. பின்னணியில் லிக்கி லீ என்ற பாடகியின் குரல். இரண்டு படங்களையும் சேர்த்து எடுத்தாலும் இதுதான் சிறந்த காட்சி. இதில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டையே இல்லை. பேத்தி இந்த ஒன்றை மட்டும் இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தாள். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இவ்வளவு செய்தவர் அடுத்து என்ன செய்கிறார்? நாவலில் அவளுக்கு அவன் குரல் மட்டும்தான் கேட்கும். படத்திலோ அவனே புகையாக வந்து நிற்கிறான். பைக் ஓட்டினால் வருகிறான், புல்வெளியில் வருகிறான், பாறையிலிருந்து கடலில் குதித்தால் தண்ணீருக்கடியிலும் வருகிறான். சுவரொட்டியில் முகம் போட்ட நடிகரை ஒரு மணி நேரம் காணாவிட்டால் அரங்கத்தில் கூச்சல் எழும் என்று பயந்திருப்பார்கள். ‘நியூ மூன்’ என்றால் நமக்கு அமாவாசை. அமாவாசை என்று தலைப்பு வைத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலாவை எட்டிப் பார்க்க வைத்தால், இருட்டு எங்கே இருக்கும்?

பிரிந்தவன் கனவில் வருவது நமக்கும் புதிதில்லை. குறுந்தொகையின் 30-ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் தலைவிக்கு அவன் வந்து தழுவியதாகவே கனவு. மெய்யென்று நம்பி எழுந்தவள் கையில் தட்டுப்படுவது வெறும் படுக்கை. அந்தக் கனவு அவளை முன்னைவிடத் தனியாக்குகிறது. இந்தப் படத்தில் புகை கலைந்ததும் பெல்லாவுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குள் அடுத்த சாகசம் தொடங்கிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கோ, ஆள் எங்கும் போய்விடவில்லை என்ற நிம்மதி.

இரண்டாம் பாகத்தில் ஒன்றுமே தேறாது என்று சொல்ல வரவில்லை. பெல்லாவை விரும்பும் பழங்குடிப் பையன் ஜேக்கப்பும் அவளும் கொட்டகையில் உட்கார்ந்து ஓட்டை பைக்குகளைப் பழுது பார்க்கும் பகுதியில் ஒரு சாதாரண சிநேகம் இருக்கிறது. முதல் படத்தில் அப்படிப்பட்ட இளைப்பாறலே கிடையாது. சினிமாக் கொட்டகையில் இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள் கைப்பிடியில் உள்ளங்கையை விரித்துவைத்துக் காத்திருக்க, நடுவில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அசல் நகைச்சுவை. அலெக்சாந்தர் தெஸ்ப்லாவின் இசையும் நன்று. ஆனால் ஜேக்கப்பாக நடித்த டெய்லர் லாட்னர் இந்தப் பாத்திரம் கைவிட்டுப் போகாமலிருக்க 13, 14 கிலோ உடம்பு ஏற்றினாராம். ஏற்றியதை வீணாக்கக் கூடாது என்று கதையில் ஓநாயாக மாறும் ஜேக்கப்பின் இனத்துப் பையன்களுக்குச் சட்டையே போடாமல் விட்டுவிட்டார்கள். அந்த இனம் கற்பனையில்லை. குவில்லியூட் மக்கள் வாஷிங்டன் மாநிலத்தின் லா புஷ் கடற்கரையில் இன்றும் வாழ்கிறவர்கள். தங்கள் முன்னோர் ஓநாயிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. மனிதர் மறுபடி ஓநாயாவதும் காட்டேரிகளோடு பகை பாராட்டுவதும் நாவலாசிரியை சேர்த்தவை. இதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கட்டுரையாளர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்ட இன்னொருவர் பெல்லாவின் அப்பா, போலீஸ் அதிகாரி சார்லி. முதல் படத்தில் மகள் பையனை அறிமுகம் செய்ய அழைத்து வரும்போது துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாவதில் மகள் இரவில் அலறும்போதெல்லாம் ஓடிவந்து, அவள் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். எதிரி கண்ணுக்குத் தெரியாததால் இப்போது துப்பாக்கிக்கு வேலையில்லை. பெண்ணைப் பெற்ற எத்தனையோ அப்பாக்கள் என் ஸ்டாஃப் ரூம் வாசலில் அப்படி வந்து நின்றதுண்டு. அந்த மனிதர் முகத்தில் தெரிந்த பிரிவுத் துயரத்தில் பாதி கூட அந்தப் புகையில் எனக்குக் கிடைக்கவில்லை.

படம் முடிந்ததும் பேத்தி, “நீங்க எந்த டீம் பாட்டி, எட்வர்டா ஜேக்கப்பா?” என்றாள். சார்லி டீம் என்றேன். அப்படி ஒரு டீமே கிடையாதாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்.