பேச விட்டவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பேப்பர் மில்ஸ் ரோடு பக்கத்து எங்கள் தெருக்காரர்களுக்கும், எங்கள் வீட்டை நினைத்து ஒரு நிமிஷமாவது கவலைப்பட்ட எல்லோருக்கும் டீச்சர் எழுதுவது.

எனக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கை காலும் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். அன்று நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. எழுதினால் என் மகள் அழுவாள். போன ஞாயிறு ஆராதனையில் நான் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசித்ததும் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கோயிலில் இருந்தீர்கள், மீதிப் பேர் அன்று சாயங்காலத்துக்குள் கேள்விப்பட்டுவிட்டீர்கள். அதிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொருவரிடமும் பேச ஆசைதான். ஆனால் போனில் பேசுவது எனக்கு இன்னும் கஷ்டம். எதிரில் இருப்பவர் முகம் தெரியாவிட்டால் சொல் நழுவிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இடது கையால் தட்டுவதால் மெதுவாகத்தான் போகிறது. எழுத்துப்பிழையை மட்டும் மகள் பார்த்தாள், சொற்களெல்லாம் என்னுடையவை. இந்த வரியை எழுதும்போதே கண் கலங்குகிறது.

முதல் சில வாரங்கள் எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். எனக்குத் தனியாக மசித்த சாதம், கெட்டியான கஞ்சி. தண்ணியாக எதுவும் கொடுத்தால் புரையேறிவிடும் என்று டாக்டர் சொன்னதை யாரோ கேட்டு, சமைக்கும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். போதகர் ஐயாவும் அம்மாவும் நேரம் காலம் பார்க்காமல் வந்தார்கள். மாடி வீட்டு அக்கா கத்தோலிக்கர்; எனக்காக லூர்து அன்னை திருத்தலத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். 108-ல் வந்த பிள்ளைகள், வார்டில் என்னைத் திருப்பிப் படுக்க வைத்த நர்ஸ்கள், பிசியோதெரபிக்கு அழைத்துப்போய்க் காத்திருந்து திரும்பக் கூட்டி வந்த ஆட்டோ தம்பி, அட்டைகளில் படம் வரைந்து அனுப்பிய ஞாயிறு பள்ளிக் குழந்தைகள். உங்களையெல்லாம் ஒரே பத்தியில் அடக்குவது நியாயமில்லை. உங்கள் ஒவ்வொருவர் பேரும் எங்கள் குடும்ப ஜெபத்தில் இருக்கிறது. ஆனால் இன்று ஒருவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால் என் பேச்சுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்க வந்தவர்களில் பலருக்கு அது புரியவில்லை. டாக்டர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறதாம். வலது கையையும் காலையும் ஆள்வதும் அந்தப் பக்கம்தான். அதனால்தான் இரண்டும் ஒன்றாகப் போயின. நீங்கள் பேசியது எல்லாம் எனக்குப் புரிந்தது. நினைவும் தெளிவாக இருந்தது. சொல்ல வேண்டிய சொல் மட்டும் வராது, அல்லது அதற்குப் பக்கத்துச் சொல் வந்து நிற்கும். 'தண்ணீர்' என்று நினைப்பேன், 'டம்ளர்' என்று வாய் சொல்லும்.

இதில் அதிசயம் ஒன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில், வீட்டில் எல்லோரும் கர்த்தருடைய ஜெபம் சொன்னபோது நானும் சேர்ந்து சொன்னேன். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கி ஆமென் வரைக்கும். பாட்டும் வந்தது, ராகத்தோடு முழு சரணமும் வந்தது. என் கணவர் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். ஆனால் ஜெபம் முடிந்து, மின்விசிறியைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் பிறகு விளக்கினார்: சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகியதும், ராகத்தோடு பாடுவதும் நாமாக யோசித்துப் பேசும் பேச்சைப் போல இல்லை, மூளையில் அவற்றுக்கு வேறு துணையும் உண்டு. பாட்டிலிருந்து பேச்சுக்கு மெல்ல மெல்ல வரவழைக்கும் பயிற்சியே இருக்கிறதாம். அப்படித்தான் எனக்கும் ஆரம்பித்தார்.

ராத்திரிகள்தான் கொடுமை. எல்லோரும் தூங்கிய பிறகு, மனப்பாடமாக இல்லாத ஒரு ஜெபத்தை, என் சொந்த வேண்டுதலை, ஆண்டவரிடம் சொல்லப் பார்ப்பேன். ஒரு சொல்லும் வராது. பெருமூச்சுதான் வரும். ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் ஆவியானவர் 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்' என்று இருக்கிறது. அந்த வசனத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். அது எனக்காகவே எழுதியிருக்கிறது என்று அந்த ராத்திரிகளில்தான் தெரிந்தது. சொல் இல்லாமலே ஜெபம் போய்ச் சேருகிறது என்ற நிச்சயம் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பகலில் வேறு பிரச்சினை. வீட்டில் எல்லோரும் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். நான் 'கா' என்றால் காபி வரும். 'ம' என்றால் மருந்து வரும். சொல்லே தேவைப்படவில்லை. வெளியே போகவும் எனக்கு மனசில்லை. வகுப்பில் வாய் ஓயாமல் பேசிய டீச்சர், தெருவில் நின்று திக்குவதை யார் பார்க்க வேண்டும்? பேச்சுப் பயிற்சிப் பெண் விடவில்லை. தினமும் ஒருமுறையாவது வெளியே போய் யாரிடமாவது எதையாவது கேளுங்கள் என்றார். சரி என்று கைத்தடியோடு கிளம்பினேன். கையில் மகள் எழுதிக் கொடுத்த சீட்டு.

காலை வேளை, பால் வாங்கும் கூட்டம். சீட்டை நீட்டினேன். அண்ணாச்சி அதை வாங்கவில்லை.

"சீட்டு இருக்கட்டும் டீச்சர். என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கு வந்தது கோபம். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். வேண்டியது அரை லிட்டர் ஆவின், பச்சைப் பாக்கெட். வாயைத் திறந்தேன். 'நீலம்' என்று வந்தது. அவர் நீலப் பாக்கெட்டை எடுத்து முன்னால் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பின்னால் நின்ற ஒரு பையன், நல்ல பிள்ளைதான், "ஆன்ட்டிக்குப் பச்சை பால் அண்ணாச்சி, எப்பவும் அதான் வாங்குவாங்க" என்றான்.

"அவிய சொல்லட்டும் தம்பி. உனக்கு அவசரம்னா உன் பாக்கெட்ட எடுத்துட்டுப் போ. காசு அப்புறம் குடு."

பையன் எடுத்துக்கொண்டு போனான். இன்னும் இரண்டு பேரும் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். காசு வந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை. கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தும் பார்வை இல்லை, பரிதாபமும் இல்லை. எவ்வளவு நேரமானதோ, 'பச்... பச்சை' என்று வந்தது.

நீங்கள் யாராவது இருந்திருந்தால் கைதட்டியிருப்பீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டு, "கணக்குல எழுதவா, காசு இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. பல வாரங்களாக நோயாளியாக இருந்தவள், அந்த நிமிஷம் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளராக மட்டும் இருந்தேன்.

மறுநாளும் போனேன். அப்புறம் தினமும் போனேன். பால் வாங்கியதும் "வேற?" என்பார். 'வேற' என்றால் இன்னொரு சொல் தேட வேண்டும். காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவது அவர் வழக்கம். எனக்கு மட்டும் போடுவதை நிறுத்திவிட்டார். நானாகக் கேட்டால்தான் கிடைக்கும். கறிவேப்பிலை எவ்வளவு நீளமான சொல் என்று அதைத் தொலைத்துத் தேடியவர்களுக்குத்தான் தெரியும். அது முழுசாக என் வாயில் வந்த அன்று அவர் இரண்டு கைப்பிடி போட்டார்.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டு முடிக்கவே நேரமானது, காத்திருந்தார். ஊரில் அவருடைய அப்பாவுக்கும் இதேதான் வந்ததாம். "ஐயா வாயத் திறக்கும் முன்னாடி நாங்க எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடுவோம் டீச்சர். பாசத்துலதான் செஞ்சோம். கொஞ்ச நாள்ல அவிய பேசப் பாக்குறதையே விட்டுட்டாவ. போற வரைக்கும் பேசவேயில்ல." சொல்லிவிட்டுத் திரும்பி, திருச்செந்தூர் முருகன் படத்துக்குக் கீழே இருந்த தராசுத் தட்டைத் துடைத்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, இதை உங்கள் மகன் உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். நான் கேட்ட ஜெபத்துக்குக் கர்த்தர் உங்கள் கடை வாசலில் பதில் வைத்திருந்தார் என்பது என் விசுவாசம். உங்கள் ஐயாவுக்குக் கொடுக்க முடியாமல் போன நேரத்தை எனக்குக் கொடுத்தீர்கள். அவர் பேரைச் சொல்லி நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யார் மனதையும் புண்படுத்த இல்லை. பார்க்க வந்தவர்களில் சிலர், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, பயிற்சி எதற்கு என்று கேட்டார்கள். அன்பில்தான் கேட்டார்கள். அப்போது என்னால் பதில் பேச முடியவில்லை, இப்போது முடிகிறது. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, அவன் ஜெபத்தைக் கேட்டு 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார். வாக்கு கிடைத்த பிறகுதான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவை என்ற கட்டியின்மேல் பற்றுப் போட வைத்தார். 2 இராஜாக்கள் 20-இல் இருக்கிறது. கர்த்தர் சொன்ன பிறகு மருந்து எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பவுலோடு கடைசிவரை இருந்த லூக்காவும் வைத்தியர்தான். நான் முழங்காலில் நிற்க முடியாத நாட்களிலும் ஜெபித்தேன். மாத்திரையும் ஒரு வேளை தவறவில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து வாயைக் கோணல் மாணலாக்கிப் பயிற்சியும் செய்தேன். மூன்றையும் ஒரே கர்த்தரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அதோடு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் அதைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எப்போது ஆரம்பித்தது என்பதை யாராவது குறித்துவையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கர்த்தருக்கு முன்பாக ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன், உங்களைச் சாட்சியாக வைத்து அதை இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி பேச்சை இழந்து வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் பெரம்பூரிலும் அயனாவரத்திலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். எந்த மதமாக இருந்தாலும் சரி, உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் ஆலய அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். புதன்கிழமை சாயங்காலங்களில் நான் வருகிறேன், ஆட்டோ தம்பி கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். பிரசங்கம் செய்ய மாட்டேன், பாடமும் நடத்த மாட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசும்வரை இருப்பேன். வீட்டுக்காரர்களுக்கு ஒன்று மட்டும்: நான் வந்ததும் காபி வேண்டுமா என்று நீங்கள் கேட்காதீர்கள், அவரையே கேட்கச் சொல்லுங்கள். எனக்குச் சர்க்கரை போடக் கூடாது, அதையும் அவரிடமே சொல்லிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்
பெரம்பூர், சென்னை